ரஃபீக்கி: ஸ்வாஹிலியில் ‘நண்பர்’ என்று சொல்லப் பழகுவோம்

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடும் சொற்களில் ஒன்று ரஃபீக்கி. நண்பர் என்று பொருள். மொம்பாசாவிலோ ஃஜான்ஃஜிபாரிலோ கடைத்தெருவில் நடந்தால் “கரீபு, ரஃபீக்கி!” என்று யாராவது கூப்பிடுவார்கள். வாங்க நண்பரே என்று அர்த்தம். டிஸ்னியின் சிங்கக் கார்ட்டூன் படத்தில் வரும் அந்த முதிய குரங்குக்கும் இதுதான் பெயர். அதனால் ஆப்பிரிக்கப் பக்கம் போகாத குழந்தைகளுக்கும் இந்தச் சொல் ஓரளவு பழக்கம்.

சொல்லைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால் ‘என் நண்பர்’, ‘என் நண்பர்கள்’, ‘என் அம்மாவின் நண்பர்’, ‘நல்ல நண்பர்கள் இரண்டு பேர்’ என்று சொல்லப் போனால் ஸ்வாஹிலி இலக்கணத்தின் பாதி இந்த ஒரு சொல்லைச் சுற்றியே வந்துவிடும். புதிதாக ஸ்வாஹிலி படிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஸ்வாஹிலியில் ஏறக்குறைய எல்லாச் சொற்களுக்கும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும். ர-ஃபீ-க்கி என்பதில் நடுவில் உள்ள ஃபீ-யை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த அழுத்தத்தைக் காட்டத்தான் அழுத்தம் விழும் அசைகளில் பெரும்பாலும் நெடில் போட்டு எழுதியிருக்கிறேன். ஸ்வாஹிலி இப்போது ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ஆங்கிலத்தின் இசட் ஒலி வரும் இடங்களில் ஃஜ என்று எழுதியிருக்கிறேன். ஃப-வைப் படிப்பது போலவே அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் பூர்வீகம் அரபு. அரபியில் ரஃபீக் என்றால் தோழன், வழித்துணை. நம் ஊரில் ரபீக் என்ற பெயருள்ள யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே சொல்தான். ஸ்வாஹிலியில் சொற்கள் பொதுவாக உயிர் ஒலியில் முடியும் என்பதால் கடைசியில் ஓர் இகரம் சேர்ந்து ரஃபீக்கி ஆயிற்று.

அரபுச் சொல் இருக்கிறதே, ஸ்வாஹிலி அரபு மொழி வகையா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. அது பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மொழி. சோமாலியாவின் தெற்கிலிருந்து மொசாம்பிக்கின் வடக்கு வரை நீளும் கடற்கரையில் வளர்ந்தது. பருவக்காற்றோடு அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பல்கள் வந்துபோன கரை அது. ஸ்வாஹிலி என்ற பெயரே கரைகள் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். வணிகத்தோடு நூற்றுக்கணக்கான சொற்கள் வந்திறங்கின. இலக்கணம் மட்டும் பாண்டு இலக்கணமாகவே நின்றது. முன்பு அரபு எழுத்திலும் ஸ்வாஹிலியை எழுதினார்கள், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வியைப் போலவே. இன்று கிடைக்கும் மிகப் பழைய ஸ்வாஹிலிக் கடிதங்கள் 1711இல் அந்தக் கரையில் உள்ள கில்வா என்ற ஊரில் எழுதப்பட்டவை. அவை இருப்பது ஆப்பிரிக்காவில் இல்லை, கோவா ஆவணக் காப்பகத்தில்.

இன்று தான்சானியாவிலும் கென்யாவிலும் இது தேசிய மொழி. கென்யாவின் 2010 அரசமைப்புச் சட்டம் இதை ஆட்சிமொழிகளில் ஒன்றாகவும் ஆக்கியது. யுனெஸ்கோ 2021இல் ஜூலை 7ஆம் தேதியை உலக ஸ்வாஹிலி நாளாக அறிவித்தது.

ஒருவர், பலர்

ஸ்வாஹிலியில் பன்மைக் குறி சொல்லுக்கு முன்னால் வரும். ரஃபீக்கி என்றால் நண்பர். மரஃபீக்கி என்றால் நண்பர்கள். நாம் ‘கள்’ என்று பின்னால் ஒட்டுவதை அவர்கள் ‘ம’ என்று முன்னால் ஒட்டுகிறார்கள்.

எல்லாச் சொல்லுக்கும் ‘ம’ வராது. ஸ்வாஹிலிப் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன; ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருமைக்கு ஒரு முன்னொட்டு, பன்மைக்கு ஒரு முன்னொட்டு. ம்டூ என்றால் மனிதர், வாட்டு என்றால் மனிதர்கள். டூக்கா என்றால் கடை (இந்தியில் துகான் என்கிறார்களே, அதற்கு உறவு), மடூக்கா என்றால் கடைகள். வெளியிலிருந்து வந்த சொற்களும் இந்த வகுப்புகளில் ஏதாவது ஒன்றில் போய் உட்கார வேண்டும். கிட்டாபு என்றால் புத்தகம். நம் முஸ்லிம் வீடுகளில் கிதாபு என்பது இதுதான். ஆனால் ஸ்வாஹிலியில் ‘கி’ என்று தொடங்கிப் பன்மையில் ‘வி’ ஆகும் ஒரு வகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. கிட்டாபுவின் முதல் எழுத்தையும் அந்த முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, புத்தகங்களுக்கு விட்டாபு என்று சொல்லிவிட்டார்கள். வந்த சொல்லை முழுதாகத் தங்கள் சொல்லாக்கிக்கொண்டதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை. ரஃபீக்கியைக் கடைகளோடு சேர்த்து ‘ம’ போடும் கூட்டத்தில் வைத்தார்கள்.

‘என் நண்பர்’

இனிதான் கவனம் தேவை. என், உன் என்பவை ஸ்வாஹிலியில் பெயருக்குப் பின்னால் வரும். அவற்றின் முதல் எழுத்து முன்னால் இருக்கும் பெயரைப் பொறுத்து மாறும். ரஃபீக்கிக்கு ஒருமையில் யகரம், பன்மையில் ஃஜகரம்.

என் நண்பர்: ரஃபீக்கி யாங்கு. உன் நண்பர்: ரஃபீக்கி யாக்கோ. அவருடைய நண்பர்: ரஃபீக்கி யாக்கே. எங்கள் நண்பர்: ரஃபீக்கி யேட்டு. உங்கள் (பலரின்) நண்பர்: ரஃபீக்கி யேனு. அவர்களுடைய நண்பர்: ரஃபீக்கி யாவோ.

பன்மை என்றால் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். மரஃபீக்கி ஃஜாங்கு, மரஃபீக்கி ஃஜாக்கோ, மரஃபீக்கி ஃஜாக்கே, மரஃபீக்கி ஃஜேட்டு, மரஃபீக்கி ஃஜேனு, மரஃபீக்கி ஃஜாவோ. சிலர் ‘ம’ போடாமலே ரஃபீக்கி ஃஜாங்கு என்பார்கள். ஃஜாங்கு என்ற சொல்லே பன்மையைக் காட்டிவிடுவதால் அதுவும் என் நண்பர்கள்தான். பழைய நடையில் இதை அதிகம் பார்க்கலாம்.

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். காரணம், மனிதர்களைக் குறிக்கும் மற்றச் சொற்கள் பலவற்றுக்கு யாங்கு வராது, வாங்குதான் வரும். என் ஆசிரியர் என்பது ம்வலீமு வாங்கு. என் குழந்தை ம்டோட்டோ வாங்கு. என் மனைவி ம்கே வாங்கு. இவற்றைப் படித்த கையோடு ரஃபீக்கி வாங்கு என்று சொல்லத் தோன்றும். உள்நாட்டுப் பேச்சில் அப்படிச் சொல்பவர்களும் உண்டு, கேட்பவருக்கும் புரிந்துவிடும். ஆனாலும் கடற்கரை ஸ்வாஹிலியிலும் பாடநூலிலும் ரஃபீக்கி யாங்கு என்பதே சரி.

எதற்கு வாங்கு, எதற்கு யாங்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். ம்வலீமு, ம்டோட்டோ, ம்கே எல்லாம் ‘ம்’ என்ற மனித வகுப்பு முன்னொட்டோடு தொடங்குகின்றன. அவற்றுக்கு வாங்கு. அந்த முன்னொட்டு இல்லாத உறவுச் சொற்களுக்கு யாங்கு. பாபா யாங்கு என் அப்பா, டாடா யாங்கு என் அக்கா அல்லது தங்கை, காக்கா யாங்கு என் அண்ணன் அல்லது தம்பி, ஜிரானி யாங்கு என் பக்கத்து வீட்டுக்காரர். மாமா யாங்கு என்றால் என் அம்மா. மாமா என்று கேட்டதும் நமக்குத் தாய்மாமன்தான் நினைவுக்கு வருவார். ஸ்வாஹிலியில் அவருக்கு ம்ஜோம்பா என்று பெயர்.

எதிரிக்கும் இதே இலக்கணம்தான். அடூயி யாங்கு என்றால் என் எதிரி, மடூயி ஃஜாங்கு என்றால் என் எதிரிகள். (எழுத்தில் ‘ம’-வுக்குப் பிறகு இரண்டு அகரம் வரும்; மாடூயி என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள்.)

உயர்திணை போல ஒன்று

யாங்கு என்று யகரம் போட்டோமே, அப்படியானால் வினைச்சொல்லும் அதே மாதிரி மாறுமா? மாறாது. உயிருள்ளவற்றைக் குறிக்கும் பெயர் எந்த வகுப்பில் இருந்தாலும், அதோடு வரும் வினையும் ‘நல்ல’, ‘இரண்டு’, ‘இந்த’ போன்ற சொற்களும் மனித வகுப்பின் முன்னொட்டையே எடுத்துக்கொள்ளும்.

நல்ல நண்பர்: ரஃபீக்கி ம்ஃஜூரி. நல்ல நண்பர்கள்: மரஃபீக்கி வஃஜூரி. இந்த நண்பர்: ரஃபீக்கி ஹூயு. இந்த நண்பர்கள்: மரஃபீக்கி ஹாவா. என் நண்பர் வருகிறார்: ரஃபீக்கி யாங்கு அனக்கூஜா. என் நண்பர்கள் வருகிறார்கள்: மரஃபீக்கி ஃஜாங்கு வனக்கூஜா.

திணை என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல என்பதால் இது சுலபமாகப் பிடிபடும். வடிவத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து வினை முடிவை மாற்றுவது நாம் தினமும் செய்வதுதான். ஒரு வித்தியாசம் இருக்கிறது. தமிழில் உயர்திணை மனிதர்களோடு நின்றுவிடும். மாடு வருகிறது, மனிதர் வருகிறார் என்போம். ஸ்வாஹிலியில் மாடும் சிங்கமும் கோழியும்கூட அனக்கூஜாதான். உயிர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே கோடு.

இன்னொரு வித்தியாசம், ஆண் பெண் வேறுபாடு கிடையாது. ரஃபீக்கி தோழனுக்கும் பொருந்தும், தோழிக்கும் பொருந்தும். யேயே என்றால் அவன், அவள், அவர் எல்லாம் ஒன்றே. மரியாதைக்காக வினையை மாற்றும் பழக்கமும் இல்லை; அனக்கூஜா என்பதை வருகிறான், வருகிறாள், வருகிறார் என்று எப்படி வேண்டுமானாலும் தமிழில் எழுதலாம். மரியாதையைக் காட்ட வேறு வழி வைத்திருக்கிறார்கள், அதற்கும் வருகிறேன்.

எண்களில் ஓர் அழகான நுணுக்கம் இருக்கிறது. ஒரு நண்பர் ரஃபீக்கி ம்மோஜா, இரண்டு நண்பர்கள் மரஃபீக்கி வவீலி, மூன்று நண்பர்கள் மரஃபீக்கி வடாட்டு. ஐந்து வரைக்கும், பிறகு எட்டுக்கும் இப்படி முன்னொட்டு வரும். ஆறு, ஏழு, ஒன்பதுக்கு வராது. ஆறு நண்பர்கள் என்றால் மரஃபீக்கி ஸீட்டா, அவ்வளவுதான். ஏனென்றால் இந்த மூன்று எண்களும் அரபியிலிருந்து வந்தவை. பத்து உள்ளூர்ச் சொல்தான், ஆனாலும் அது மாறாது. உங்களுக்கு எத்தனை நண்பர்கள் என்று கேட்க: ஊனா மரஃபீக்கி வங்காப்பி?

பின்னாலிருந்து படித்துப் பாருங்கள்

தமிழ் தெரிந்தவர்களுக்கு வசதி என்று சொன்னேனே, அது இதுதான். ‘என் அம்மாவின் நண்பர்’ என்பதை ஸ்வாஹிலியில் ரஃபீக்கி வா மாமா யாங்கு என்பார்கள். இதைக் கடைசிச் சொல்லிலிருந்து திரும்பிப் படியுங்கள். யாங்கு, என். மாமா, அம்மா. வா, இன். ரஃபீக்கி, நண்பர். அப்படியே தமிழ். கண்ணாடியில் தெரியும் எழுத்தைப் போலத் திசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

சொல்லுக்கு உள்ளேயும் இது நடக்கிறது. படிக்கிறான் என்பதைப் பிரித்தால் முதலில் படி என்ற செயல், பிறகு நிகழ்காலம் காட்டும் க்கிறு, கடைசியில் யார் என்று சொல்லும் ஆன். ஸ்வாஹிலியில் அனஸோமா. ‘அ’ என்பது யார், ‘ன’ என்பது காலம், ‘ஸோமா’ என்பது படி. இறந்தகாலத்துக்கு நடுவில் ‘லி’ போட்டால் அலிஸோமா, படித்தான். எதிர்காலத்துக்கு ‘ட’ போட்டால் அடஸோமா, படிப்பான். ஆள் மாறினால் முதல் எழுத்து மாறும்: வனஸோமா, படிக்கிறார்கள். ஒரே சொல்லில் ஆள், காலம், செயல் மூன்றையும் அடுக்கிப் பேசும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருப்பதால், வரிசையைத் திருப்பிப் போடப் பழகினால் போதும். ஆங்கிலம் வழியாக ஸ்வாஹிலி படிப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அதனால்தான், முடிந்தவரை ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் நேராகத் தமிழோடு ஒப்பிட்டுப் படியுங்கள் என்று சொல்வேன்.

முழு வாக்கியத்துக்கு இந்த விதியை நீட்டிவிடக் கூடாது. எழுவாய் இரண்டு மொழியிலும் முதலில்தான் வரும். ரஃபீக்கி யாங்கு அனஸோமா கிட்டாபு, என் நண்பர் புத்தகம் படிக்கிறார். வினையும் செயப்படுபொருளும்தான் இடம் மாறுகின்றன.

மேலே ரஃபீக்கி வா மாமா என்று வந்ததில் ‘வா’ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். யாங்கு என்று சொன்னவர்கள் இங்கே ஏன் ‘யா’ என்று சொல்லவில்லை? என், உன் என்ற சொற்களுக்கு மட்டும்தான் அந்த யகரம். இன்னொரு பெயரோடு இணைக்கும்போது உயிருள்ளவற்றுக்கான ‘வா’ திரும்ப வந்துவிடும். இரண்டும் ஒரே தொடரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதையும் பார்க்கலாம். ரஃபீக்கி யாங்கு வா கரீபு, என் நெருங்கிய நண்பர். கரீபு என்றால் அருகில் என்று பொருள்; வாங்க என்று வரவேற்பதும் அதே சொல்தான். ரஃபீக்கி யாங்கு வா உடோட்டோனி என்றால் சிறுவயதிலிருந்தே என் நண்பர். ரஃபீக்கி வா க்வேலி என்றால் உண்மையான நண்பர்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ரஃபீக்கி வா கூஃபா நா குஃஜிக்கானா. கூஃபா என்றால் சாவது. குஃஜீக்கா என்றால் அடக்கம் செய்வது, அதோடு ‘ஆனா’ சேர்ந்தால் ஒருவரை ஒருவர் என்று பொருள் வரும். சாகும்வரை கூட இருந்து, முன்னால் போகிறவரை மற்றவர் அடக்கம் செய்யும் அளவுக்கு நட்பு. நம் உயிர் நண்பன் என்ற தொடரைவிட இது கனமானது.

யாரை ரஃபீக்கி என்று கூப்பிடலாம்?

சுற்றுலா இடங்களில் எல்லாரும் எல்லாரையும் ரஃபீக்கி என்று கூப்பிடுவதைப் பார்த்து, அதுதான் பொது வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே அது வெளிநாட்டுக்காரர்களுக்காக வைத்திருக்கும் பேச்சு. ஜாம்போ என்ற வணக்கமும் அப்படித்தான். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மாம்போ, ஹபாரி என்று விசாரித்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஒருவரை உள்ளூர்க்காரர்கள் அழைக்கும்போது ரஃபீக்கியைவிட உறவுமுறைச் சொற்களே அதிகம் வரும். இளைஞரைக் காக்கா, இளம்பெண்ணை டாடா, நடுவயதுப் பெண்ணை மாமா, வயதானவரை ம்ஃஜே அல்லது பாபு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வயதில் மூத்தவரிடம் ரஃபீக்கி வேண்டவே வேண்டாம். அவரைப் பார்த்ததும் ஷிக்கமோ என்று சொல்ல வேண்டும். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்ற பழைய தொடரிலிருந்து வந்த வணக்கம் இது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அவர் மரஹாபா என்று பதில் சொல்வார். தான்சானியாவில் இதைச் சொல்லாமல் பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்கினால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பார்கள். நாம் வினையில் ‘ர்’ போட்டுக் காட்டும் மரியாதையை அவர்கள் இந்த ஒரு வணக்கத்தில் காட்டிவிடுகிறார்கள்.

ஆண் நண்பர், பெண் நண்பர் என்று பிரித்துச் சொல்ல ரஃபீக்கி வா கியூமே, ரஃபீக்கி வா கீக்கே என்ற தொடர்கள் உண்டு. ஆனால் இவை காதலன், காதலி என்ற பொருளிலும் வழங்குகின்றன. வெறும் தோழி என்று சொல்ல நினைத்தால் ரஃபீக்கி யாங்கு என்று நிறுத்திக்கொண்டு பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

ரஃபீக்கியின் சுற்றம்

நண்பரைக் குறிக்க வேறு சொற்களும் உண்டு. ம்வென்ஃஜாங்கு என்பது ம்வென்ஃஜி வாங்கு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து ஒன்றானது. என்னைப் போன்றவர், என் கூட இருப்பவர் என்று பொருள். கூடப் படிப்பவர், கூட வேலை பார்ப்பவர் எல்லாம் இதற்குள் வருவார்கள், பன்மையில் வென்ஃஜாங்கு. வாழ்க்கைத் துணைக்கும் ம்வென்ஃஜி வா மயீஷா என்பார்கள்.

ன்டூகு என்றால் உடன்பிறப்பு, உறவினர். நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியெரேரே காலத் தான்சானியாவில் இது தோழர் என்ற பொருளில் பெயருக்கு முன்னால் போடும் அரசியல் பட்டமாகவும் ஆயிற்று. ஸ்வாஹிபா என்றால் நெருங்கிய நண்பர். தமிழில் சாகிபு என்று நாம் மரியாதைக்குச் சொல்லும் அதே அரபுச் சொல்லின் இன்னொரு முகம். ஜமா என்றால் உற்றார், பேச்சு வழக்கில் ஆள் என்றும் பொருள். நம் ஜமாஅத்துக்கு உறவு.

இளைஞர்களின் பேச்சில் ரஃபீக்கி கொஞ்சம் பாடப்புத்தகச் சொல்தான். தான்சானியாவில் ம்ஷிக்காஜி என்பார்கள், பன்மையில் வஷிக்காஜி. பிடித்துக்கொள்பவர் என்று பொருள். காலைப் பிடிக்கும் ஷிக்கமோவிலும் இதே ‘ஷீக்கா’தான் இருக்கிறது. பெரியவருக்குக் காலைப் பிடித்தல், நண்பருக்குக் கூடவே பிடித்து நிற்றல். கென்யாவில், நைரோபி இளைஞர்களின் ஷெங் என்ற கலப்புப் பேச்சில் பெஷ்டே என்பார்கள்; ஆங்கிலத்தின் பெஸ்ட் அப்படி மாறியிருக்கிறது. அதற்கும் மபெஷ்டே என்று ‘ம’ போட்டுத்தான் பன்மை.

ரஃபீக்கியிலிருந்து இரண்டு புதுச் சொற்களை நீங்களே உருவாக்கலாம். முன்னால் ‘உ’ போட்டால் பண்புப்பெயர்: உரஃபீக்கி, நட்பு. ஜமாவிலிருந்து உஜமா வந்ததும் இதே வழியில்தான். குடும்ப உணர்வு என்ற அந்தச் சொல்லைத்தான் நியெரேரே தன் சோஷலிசக் கொள்கைக்குப் பெயராக வைத்தார். 1967இல் அருஷா பிரகடனம் அதை நாட்டின் பாதையாக அறிவித்தது. சீன உதவியோடு 1960களில் தாருஸ்ஸலாமில் கட்டிய பெரிய துணி ஆலைக்கும் உரஃபீக்கி என்று பெயர். இன்றைக்கு சமூக வலைத்தளங்களில் வரும் நட்பு அழைப்பு ஓம்பி லா உரஃபீக்கி.

‘கி’ போட்டால் எந்த விதத்தில் என்று ஆகும்: கிரஃபீக்கி, நட்பு முறையில். இரண்டு நாடுகள் பரிசுக்காக அல்லாமல் நட்புக்காக ஆடும் கால்பந்துப் போட்டிக்கு மேச்சி யா கிரஃபீக்கி என்று பத்திரிகைகள் எழுதும். மொழிப் பெயர்களில் வருவதும் இந்த ‘கி’தான். அதனால்தான் தங்கள் மொழியை அவர்கள் கிஸ்வாஹிலி என்கிறார்கள். தமிழுக்கு கிட்டமில்.

பழமொழிகளில் இந்தச் சொல் வரும் இடங்களில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இலக்கணத்துக்காகவும் பொருளுக்காகவும். அக்குஃபாயே க்வா திக்கி ன்டியே ரஃபீக்கி. கஷ்டகாலத்தில் உனக்கு உதவுகிறவரே நண்பர். முதல் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘அ’ அவர், ‘கு’ உன்னை, ‘ஃபா’ பயன்படு, ‘யே’ அப்படிப்பட்டவர். ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். திக்கி என்றால் நெருக்கடி. அதன் முதல் எழுத்தை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து மென்மையாகச் சொல்ல வேண்டும்.

பேசிப் பார்க்க

ஒரு சின்ன உரையாடல். ஜூமாவும் அவருடைய அத்தை ஒருவரும் தெருவில் சந்திக்கிறார்கள். ஜூமாவோடு அவருடைய தோழி இருக்கிறார்.

ஜூமா: ஷிக்கமோ ஷங்காஃஜி. (வணக்கம் அத்தை.)

அத்தை: மரஹாபா. ஹூயு நி நானி? (வணக்கம். இது யார்?)

ஜூமா: ஹூயு நி ரஃபீக்கி யாங்கு, அமீனா. (இவள் என் தோழி, அமீனா.)

அத்தை: அனடோக்கா வாப்பி? (எந்த ஊர்?)

ஜூமா: அனடோக்கா டாங்கா. டுனஸோமா பமோஜா. (டாங்காவிலிருந்து வருகிறாள். நாங்கள் ஒன்றாகப் படிக்கிறோம்.)

அத்தை: கரீபு ஸானா, ம்வனாங்கு. (நல்வரவு, மகளே.)

ஷங்காஃஜி என்றால் அப்பாவின் உடன்பிறந்தவள். ‘நி’ என்பது தமிழில் நாம் சொல்லாமல் விடும் ‘ஆவார்’. மறுத்துச் சொல்ல அந்த இடத்தில் ‘ஸி’ வரும்: ஹூயு ஸி ரஃபீக்கி யாங்கு, இவர் என் நண்பர் அல்ல. டுனஸோமாவில் ‘டு’ என்பது நாங்கள். கடைசிச் சொல் ம்வனாங்கு, ம்வானா வாங்கு என்பதன் சுருக்கம்: என் பிள்ளை. அமீனாவை ரஃபீக்கி என்று சொன்னது ஜூமா மட்டும்தான்; அத்தைக்கு அவளும் ஒரு பிள்ளை.